வேலூர்க் கோட்டையில் ஒரு நாள்

முன்னுரை

வேலூரில் 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வியாழக்கிழமை நிகழ்ந்தவை தமிழக வரலாற்று நூல்கள் யாவற்றிலும் இடம்பெற்றுள்ளன. பள்ளி மாணவரும் அந்நாளின் காரணத்தைக் கேட்டால் தயங்காமல் 'தலைப்பாகை' என்று விடை கூறுவர். அவ்விடை தவறன்று. எனினும், ஏறத்தாழ எட்டு மணி நேரம் கோட்டை ஒன்றைக் கைப்பற்றி வைத்திருந்து, அந்நியர் கொடியை இறக்கி வேறொரு கொடியை ஏற்றிய வீரர்களின் செயலை ஒரு துணியும் ஒரு தோல்துண்டும் முழுமையாக விளக்கிவிடுமா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அந்நாளில் நடந்தவற்றை முறைப்படுத்திக் காண்பதும், அதற்குரிய காரணங்களாகப் பதிவு பெற்றவை எவை, பெறாதவை எவை என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

களமும் மாந்தரும்

வேலூர்க் கோட்டை விசயநகரப் பேரரசுக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கருங்கல் மதில்களும் அவற்றைச் சூழ்ந்த ஆழமான அகழியும் உடையது. சலகண்டேசுவரர் திருக்கோயில் இக்கோட்டைக்குள்ளேயே அமைந்துள்ளது. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த அக்கோயிலில் 1981ஆம் ஆண்டில்தான் இறைவன் திருமேனி மீண்டும் எழுந்தருளச் செய்யப்பட்டது.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் களத்தில் மாண்டபின், அவர்தம் மக்களையும் குடும்பத்தினரையும் கிழக்கிந்தியக் கும்பினியார் இக்கோட்டைக்குக் கொணர்ந்து, உள்ளிருந்த மகால்களில் காவலில் வைத்தனர். அவர்களைத் தொடர்ந்து மைசூர் நாட்டினர் பெருந்தொகையினராக வேலூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வந்து குடியேறினர். அரசிழந்த குடும்பமும், அக்குடும்பத்தின்மேல் பற்று நீங்காத மக்களும், அவர்களைக் காவல்புரியும் இந்தியச் சிப்பாய்களும், அச்சிப்பாய்களை ஆளும் ஆங்கில அதிகாரிகளும் ஒரே மதிலுக்குள்ளும் அதன் நிழலிலும் வாழ்ந்தனர்.

1806 ஜூலையில் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர், 69ஆம் படையணியின் நான்கு கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ 380 பேர். சென்னைப் படையின் 1ஆம், 23ஆம் படையணிகளைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 1,500 பேர். கோட்டைத் தளபதியாக விளங்கியவர் கர்னல் பேன்கோர்ட். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. படைத்தலைவர் சர் ஜான் கிரடாக்.

தலைப்பாகை ஆணை

1805ஆம் ஆண்டு நவம்பரில் புதிய வகைத் தலைப்பாகை ஒன்று சென்னைப் படைக்கு வகுக்கப்பட்டது. 1806 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற நிலையாணைகள், சீருடையில் இருக்கும்போது சிப்பாய் எவரும் நெற்றியில் சமயக்குறி இடுதல் கூடாது. காதணி அணிதல் கூடாது. முகவாயை மழித்தல் வேண்டும். மீசையும் ஒரே அளவினதாக அமைதல் வேண்டும் எனப் பணித்தன. புதிய தலைப்பாகையோ தோலாற் செய்த குஞ்சம் பொருத்தப்பெற்றுத் தொப்பியைப் போலத் தோன்றியது. விலங்கின் தோல் என்பதால் அது இந்துக்களுக்கும் இசுலாமியருக்கும் ஒருங்கே அருவருப்பைத் தந்தது. ஐரோப்பியரைத் 'தொப்பிக்காரர்' என்று மக்கள் வழங்கிய காலம் அது. தொப்பியைத் தலையில் ஏற்றவன் நாளை மதத்தையும் மாற்றிக்கொள்வான் என்னும் ஏளனத்தைச் சிப்பாய்கள் கடைத்தெருவிலும் தம் சுற்றத்தாரிடையேயும் கேட்க நேர்ந்தது.

எதிர்ப்பு முதலில் அமைதியான முறையிலேயே எழுந்தது. 1806 மே மாதத் தொடக்கத்தில் வேலூரில் இருந்த 4ஆம் படையணியின் இரண்டாம் பட்டாளத்தார் அத்தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். அவர்களுள் 21 பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டு இராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். ஓர் இந்துவும் ஓர் இசுலாமியரும் ஆளுக்கு 900 கசையடி பெற்றுப் படையினின்று நீக்கப்பட்டனர். ஏனைய 19 பேருக்கும் 500 கசையடி விதிக்கப்பெற்று, அவர்கள் மன்னிப்பு வேண்டியபின் தண்டனை நீக்கப்பட்டது. முறையிடுவதற்குக் கிடைக்கும் விடை கசையடியே என்பதைச் சிப்பாய்கள் இதன்வழி அறிந்துகொண்டனர். மே மாதத்து மறுப்பு ஜூலை மாதத்து எழுச்சியாக மாறியதற்கு இவ்விடையே வழிகோலியது எனலாம்.

இடையில் மற்றுமொரு நிகழ்ச்சி நடந்தது. ஜூன் மாதத்தில் முஸ்தபா பெக் என்னும் சிப்பாய், படையில் சதி உருவாகி வருவதாக ஆங்கில அதிகாரி ஒருவரிடம் தெரிவித்தார். அதனை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகள் அடங்கிய குழுவிடம் விடப்பட்டது. அக்குழுவினர் அவரைச் சித்தம் கலங்கியவர் என்று அறிவிக்கவே, அவர் காவலில் வைக்கப்பட்டார். தம் படையில் பணிபுரிவோரின் மனநிலையை ஆங்கில அதிகாரிகள் எந்த அளவு அறிந்திருந்தனர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். எழுச்சி அடங்கியபின் அதே முஸ்தபா பெக்கிற்கு 2,000 வராகனும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் வழங்கப்பட்டன.

ஜூலை 10: நள்ளிரவு முதல் முற்பகல் வரை

ஜூலை 9ஆம் நாள் திப்புவின் மகள் ஒருவருக்கு அரண்மனையில் திருமணம் நடந்தது. மறுநாள் விடியலில் போர்ப்பயிற்சி அறிவிக்கப்பட்டிருந்தமையால், வழக்கமாகக் கோட்டைக்கு வெளியே தம் குடிசைகளில் உறங்கும் சிப்பாய்கள் பலர் அன்றிரவு உள்ளேயே தங்கினர். திருமணத்திற்கு வந்தோரின் நடமாட்டமும் பயிற்சிக்காகத் தங்கியோரின் கூட்டமும் ஐயத்திற்கு இடமளிக்கவில்லை.

விடியற்காலை ஏறத்தாழ இரண்டு மணியளவில், ஆங்கிலேயர் குடியிருப்பருகே துப்பாக்கி ஒலி கேட்டது. சற்றைக்கெல்லாம் காவல் இடங்களும் படைவீடும் அதிகாரிகளின் இல்லங்களும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. வெப்பத்தின் பொருட்டுச் சாளரங்கள் திறந்து வைக்கப்பட்டிருந்தமையால், அவற்றின் கம்பிகளினூடே குண்டுகள் பாய்ந்தன. உறக்கத்திலிருந்து எழுமுன்னரே பலர் மாண்டனர். வெளியே வந்த கர்னல் பேன்கோர்ட் சுடப்பட்டார். 23ஆம் படையணியின் தலைவர் மெக்கெராஸ் அணிவகுப்புத் திடலை நோக்கி விரைகையில் கொல்லப்பட்டார். வெளியிலிருந்து ஒலி கேட்டு வந்து விசாரித்த மேஜர் ஆம்ஸ்ட்ராங்கும் மதிலிலிருந்து பாய்ந்த குண்டுகளுக்கு இரையானார். மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தோரும் தப்பவில்லை. எழுச்சியாளரைப் போற்றும் வரலாறும் இதனை மறைத்தல் தகாது.

வெடிமருந்துக் கிடங்கு சிப்பாய்கள் வசமாயிற்று. திப்புவின் மூத்த மகன் பத்தே ஐதர் அரசராக அறிவிக்கப்பட்டார். கொடிமரத்தில் கும்பினிக் கொடி இறங்கி, மைசூரின் புலிவரிக் கொடி ஏறியது. சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்த அக்கொடி, ஏழாண்டுகளுக்குப்பின் தமிழ் மண்ணில் ஒரு காலைப்பொழுது பறந்தது.

ஆனால் கொடியை ஏற்றியபின் செய்ய வேண்டியவை செய்யப்படவில்லை. அகழியின் தூக்குப்பாலம் உயர்த்தப்படவில்லை, வெளிவாயில்கள் மூடப்படவில்லை. சிப்பாய்களுள் ஒரு பகுதியினர் கருவூலத்தையும் வீடுகளையும் சூறையாடுவதில் ஈடுபட்டனர். பொருள் கிடைத்தவர்கள் கோட்டையை விட்டே அகன்றனர். 69ஆம் படையணியினருள் எஞ்சிய சிலர் வாயிலுக்கு மேலுள்ள மதிற்பகுதியைப் பற்றிக்கொண்டு, தோட்டாக்கள் தீர்ந்த நிலையிலும் நின்றனர். இரவுக்குத் திட்டம் இருந்தது. பகலுக்குத் திட்டம் இல்லை. கும்பினியின் வலிமை வேலூர்க் கோட்டையில் மட்டும் அடங்கியதன்று என்பதை எழுச்சியாளர் மறந்தமையே அவர்தம் தோல்விக்குத் தலையாய காரணமாகும்.

கோட்டைக்கு வெளியே இருந்த மேஜர் கோட்ஸ் அனுப்பிய செய்தி 16 மைல் தொலைவிலுள்ள ஆர்க்காட்டை எட்டியது. அங்கிருந்த 19ஆம் குதிரைப்படையின் தலைவர் கர்னல் கில்லெஸ்பி, கிடைத்த குதிரைவீரரைத் திரட்டிக்கொண்டு முன்னே விரைந்தார். குதிரைகள் இழுத்துவரும் சிறு பீரங்கிகள் பின்தொடர்ந்தன. ஒன்பது மணிக்குள் அவர் கோட்டையை அடைந்தபோது முதல் இரண்டு வாயில்களும் திறந்தே கிடந்தன. மூன்றாவது வாயில், மதில்மேல் நின்ற ஆங்கில வீரர் சிலர் இறங்கி வந்து திறந்துவிட்டமையால் வழிவிட்டது. நான்காவது வாயில் மட்டும் உள்ளிருந்தோரின் துப்பாக்கிக் காவலில் இருந்தது. கில்லெஸ்பி கயிற்றைப் பற்றி மதில்மேல் ஏறி, எஞ்சிய 69ஆம் படையினருக்குத் தலைமை ஏற்றார். பத்து மணியளவில் பீரங்கிகள் வந்து அவ்வாயிலைத் தகர்த்தன. குதிரைப்படை உள்ளே புகுந்தது.

அதன்பின் நடந்தது போரன்று. அரண்மனைப் பகுதியில் அடைக்கலம் புகுந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்கள் வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவர் ஒன்றின் ஓரமாக நிறுத்திச் சுட்டுக் கொல்லப்பட்டனர். விசாரணை ஏதும் நடைபெறவில்லை. வாயிலைத் தகர்த்த பொறியியல் அதிகாரி பிளாக்கிஸ்டன் இக்காட்சியைத் தம் நினைவுக்குறிப்பில் ஒளிவின்றிப் பதிவு செய்துள்ளார். நண்பகலுக்குமுன் கோட்டை மீண்டும் கும்பினியின் வசமாயிற்று.

எண்ணிக்கை கூறும் செய்தி

அன்று மாண்ட ஆங்கிலேயர் தொகை திட்டமாகக் கிடைக்கிறது. அதிகாரிகள் 14 பேர். 69ஆம் படையணியின் வீரர்கள் 115 பேர். மாண்ட இந்தியர் எத்தனை பேர் என்பதற்கு 350 என ஒரு கணக்கும், 800 வரை எனப் பிறிதொரு கணக்கும் உள்ளன. இரண்டிற்கும் இடைப்பட்ட தொகை 450. ஒரு சாரார் தனித்தனி ஆளாக எண்ணப்பட்டுள்ளனர். மற்றொரு சாராருள் 450 உயிர்கள் இருந்தனவா இல்லையா என்பதே முடிவு செய்யப்படவில்லை. இக்கணக்கின் இடைவெளியே அந்நாளைப் பற்றிய சான்றுகளின் இயல்பைக் காட்டப் போதுமானது.

அச்சான்றுகள் பெரும்பாலும் ஒரு சாராருடையவை. விசாரணைக் குழுவின் அறிக்கை, இராணுவ நீதிமன்றப் பதிவுகள், அதிகாரிகளின் கடிதங்கள், பிளாக்கிஸ்டனின் நினைவுக்குறிப்பு, இரு குழந்தைகளுடன் ஒளிந்து உயிர்தப்பிய பேன்கோர்ட்டின் மனைவி எழுதிய விவரம் ஆகியன அவை. சிப்பாய்களின் சொற்கள் இவற்றுள் சாட்சியமாக மட்டுமே நுழைகின்றன. தூக்குமேடையின் நிழலில் நின்று கூறப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சொற்கள் அவை. ஷேக் காசிம் போன்ற சிலரின் பெயர்கள் கிடைப்பதும் குற்றவாளிப் பட்டியலின் வாயிலாகவே.

இலக்கியச் சான்றும் ஈண்டு துணை செய்யவில்லை. பாளையக்காரர் போர்கள் நாட்டுப்புற மக்களின் நாவில் கதைப்பாடல்களாக நிலைபெற்றன. கட்டபொம்மு கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்துத் தமிழுலகிற்கு அளித்தார். வேலூர் எழுச்சிக்கு அத்துணைப் புகழ்வாய்ந்த கதைப்பாடல் நிலைபெறவில்லை. பாளையக்காரர்க்கு ஊரும் குலமும் பாடுவோரும் இருந்தனர். பல ஊர்களிலிருந்து வந்து கூலிக்குப் படைத்தொழில் புரிந்த சிப்பாயின் மறைவை அவன் வீடு மட்டுமே அறிந்திருக்கும்.

பதிவான காரணங்களும் பதிவாகாத காரணங்களும்

நிகழ்ச்சியின் காரணங்களை ஆராய மேஜர் ஜெனரல் பேட்டர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அது இரண்டு காரணங்களை முதன்மையாகக் கண்டது. ஒன்று, உடையிலும் தோற்றத்திலும் செய்யப்பட்ட மாற்றங்கள். மற்றொன்று, திப்புவின் குடும்பத்தார் வேலூரில் வாழ்ந்தமை. சிப்பாய்களைக் கிறித்தவராக்கிவிடுவர் என்னும் அச்சமும் பேசப்பட்டது. 1807ஆம் ஆண்டு தொடங்கி இலண்டனில் சமயப் பரப்பாளருக்கு எதிராகவும் ஆதரவாகவும் துண்டு நூல்கள் பல வெளிவந்தன.

இக்காரணங்கள் பொய்யென்று கூறுதற்கில்லை. 900 கசையடி உண்மை. புலிவரிக் கொடியும் உண்மை. அரண்மனைப் பணியாளர் பலர் சதியில் பங்கு கொண்டமையும் சாட்சியங்களிற் காணப்படுகிறது. ஆயினும் இவ்விரு காரணங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டும் அரசாணை ஒன்றினால் நீக்கிவிடக்கூடியவை. தலைப்பாகை ஆணை அந்த ஜூலை மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் குடும்பத்தார் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர். அவருள் இளவரசர் குலாம் முகம்மது 1842இல் எழுப்பிய திப்பு சுல்தான் பள்ளிவாசல் அந்நகரில் இன்றும் உள்ளது. பெண்டிங்க், கிரடாக் இருவரும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். காரணங்கள் நீங்கின, ஆகவே நோயும் நீங்கிற்று என அரசு அமைதி கொண்டது.

நீக்க இயலாத காரணங்களும் இருந்தன. 1799 முதல் 1801 வரையிலான மூன்றாண்டுகளை நினைவுகூர்ந்தால் அவை புலனாகும். 1799 மே மாதத்தில் மைசூர் வீழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் வீழ்ந்து மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதியும் அதே ஆண்டில் கும்பினியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. பாளையங்கள் அழிந்தபின் அவற்றில் படைத்தொழில் செய்து வாழ்ந்தோர்க்குப் பிழைப்பு கும்பினிப் படையிலேயே கிடைத்தது. வேலூரில் இருந்த 23ஆம் படையணியின் இரண்டாம் பட்டாளத்தில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சேர்க்கப்பட்ட, முன்னர்ப் பாளையக்காரரிடம் பணிபுரிந்தோர் பலர் இருந்தனர். அவர்கள் தம் தலைவரைத் தூக்கிலிட்டவரிடமே ஊதியம் பெற்றனர். எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதார் நிலைக்கு மேல் உயர வழியில்லை. நேற்று வந்த ஆங்கில இளைஞனுக்கும் கீழ்ப்பட்டே நிற்றல் வேண்டும்.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. 1801இல் காளையார்கோயிலை வீழ்த்தி மருது சகோதரர்களின் முடிவுக்குக் காரணமாயிருந்த படையை நடத்தியவர் கர்னல் அக்னியூ. ஐந்தாண்டுகள் கழித்துச் சென்னைப் படையில் அட்ஜுடன்ட் ஜெனரலாக அமர்ந்து, தலைப்பாகைச் சீர்திருத்தத்தில் முன்னின்றவரும் அவரே. வேலூர் நிகழ்ச்சிக்குப்பின் அவரும் திரும்ப அழைக்கப்பட்டார். தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்த சிப்பாய் ஒருவனுக்கு அப்பெயர் புதிதாக இருந்திருக்க இயலாது. தன் ஊரை எரித்த படையின் தலைவன், இப்போது தன் நெற்றியையும் காதையும் முகவாயையும் தொட வருகிறான் என்றே அவன் கருதியிருத்தல் கூடும். அவ்வாறு நோக்கின் தலைப்பாகை சிறு காரணமாகத் தோன்றாது. முன்னரே இழந்தவை அனைத்தையும் நினைவூட்டும் இறுதி இழப்பாகத் தோன்றும்.

இக்காரணத்தை விசாரணைக் குழு விரிவாக எழுதியிருப்பின், அதற்குரிய தீர்வு என்ன என்னும் வினா எழுந்திருக்கும். பாளையங்களைத் திருப்பித் தர இயலாது. படையைக் கலைக்கவும் இயலாது. எனவே எளிதில் நீக்கத்தக்கவையே காரணங்களாக நிலைபெற்றன. பிற்கால நூல்களும் அவற்றையே எடுத்தாண்டன. ஆனால் நிகழ்ச்சிகள் அவ்விளக்கத்திற்கு அடங்கவில்லை. 1806ஆம் ஆண்டிலேயே ஐதராபாத்திலும் வாலாஜாபாத்திலும் நந்திதுர்க்கத்திலும் பாளையங்கோட்டையிலும் படையினரிடையே கொந்தளிப்புத் தோன்றியது. நந்திதுர்க்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அது தோன்றியது தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டுப் பல திங்கள் கழிந்த பின்னர் என்பது குறிப்பிடத்தக்கது.

கலகமா, புரட்சியா?

ஆங்கில ஆவணங்களை அடியொற்றியோர் இந்நிகழ்ச்சியைச் 'சிப்பாய்க் கலகம்' என்றனர். விடுதலைக்குப்பின் வந்த தமிழ் ஆசிரியர்கள் 'வேலூர்ப் புரட்சி' என்றும் 'எழுச்சி' என்றும் வழங்கினர். 1857 மே 10ஆம் நாள் மீரட்டில் எழுந்த போருக்கு 51 ஆண்டுகள் முற்பட்டது வேலூர் என்பதைச் சுட்டி, இதனையே முதல் விடுதலைப் போர் எனக் கூறுவாரும் உளர். மீரட்டிலும் கொழுப்புத் தடவிய தோட்டா என்னும் ஒரு பொருளே காரணமாகப் பெரிதும் பேசப்பட்டது என்பது ஒப்புநோக்கத்தக்கது.

'கலகம்' என்னும் சொல் ஆணைக்கு அடங்காமையை மட்டும் குறிக்கிறது. அதில் காரணத்திற்கு இடமில்லை. 'புரட்சி' என்பதோ, எழுந்தோர் யாவரும் ஒரே குறிக்கோளுடன் புதியதோர் ஆட்சியை நிறுவ முனைந்தனர் எனக் கருதச் செய்கிறது. அன்றைய சூறையாடலுக்கும் திறந்து கிடந்த வாயில்களுக்கும் அதில் இடமில்லை. அந்நாளில் இரண்டும் இருந்தன. அரசு நிறுவக் கொடி ஏற்றியவனும், பணப்பையுடன் வாயிலைக் கடந்தவனும் ஒரே படையணியினர். 'எழுச்சி' என்னும் சொல் இவ்விருவரையும் ஒருங்கே தழுவுவதால், பொருத்தமுடையது எனக் கொள்ளலாம்.

முடிவுரை

நீதிமன்றத் தீர்ப்பின்படி அறுவர் பீரங்கி வாயில் வைத்துச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், சிலர் நாடு கடத்தப்பட்டனர். எழுச்சியில் ஈடுபட்ட பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. அவற்றின் எண்களும் படைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

அன்று மாண்ட ஆங்கிலேயர்க்கு வேலூரில் கல்லறைகளும் நினைவுச் சின்னமும் உள்ளன. சிப்பாய்களுக்கு நெடுங்காலம் ஒன்றும் இல்லை. பின்னாளில் வேலூர் மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் எழுந்தது; 2006ஆம் ஆண்டு ஜூலையில், இருநூறாம் ஆண்டு நிறைவையொட்டி, இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. கல்லும் அஞ்சல் தலையும் செய்யத்தக்க சிறப்பைச் செய்துள்ளன.

எஞ்சியிருப்பது ஆராய்ச்சியாளர் பணியாகும். தண்டனை பெற்றோர், சாட்சி கூறினோர், படையினின்று நீக்கப்பட்டோர் ஆகியோரின் பெயர்களையும் ஊர்களையும் ஆவணங்களிலிருந்து தொகுத்து, தமிழில் ஒரு பட்டியலாக வெளியிடுதல் வேண்டும். அப்பட்டியல் உருவானால், அவர்கள் எந்தப் பாளையத்து மண்ணிலிருந்து வந்தனர், எதனை இழந்து வந்தனர் என்பது விளங்கும். தலைப்பாகைக்கு முன்னரே தொடங்கிய காரணங்கள் அப்போது பள்ளி மாணவர் கூறும் விடையிலும் இடம்பெறும்.